வெகுளியும் வெடிகுண்டும்: ஹல்க் படக்கதைகளில் தலைமறைவு மனிதன்

முன்னுரை

ஒருவனுக்குள் மற்றொருவன் மறைந்து வாழும் கதை உலக இலக்கியத்திற்குப் புதிதன்று. மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' (1818), ஸ்டீவன்சனின் ஜெகில் – ஹைடு கதை (1886) ஆகியவற்றிலிருந்து தம் கதைமாந்தனை உருவாக்கியதாக ஸ்டான் லீ கூறியுள்ளார். அவர் எழுத, ஜாக் கிர்பி வரைய, அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1962 மே மாத இதழாக வெளியிட்ட படக்கதை 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' ஆகும். புரூஸ் பேனர் என்னும் இயற்பியல் அறிஞன் கட்டுக்கடங்காத பேருருவாக மாறுவதும், அதன் பொருட்டுத் தன் நாட்டுப் படையாலேயே துரத்தப்படுவதும் இக்கதைகளின் மையம். அவன் ஏன் மாறுகிறான் என்னும் வினாவிற்கு அறுபது ஆண்டுகளில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டன. அவ்விடைகள் மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெடிகுண்டும் இரவும்

முதல் இதழ் தரும் விடை வெளிப்படையானது. பேனர் படைத்துறைக்காகக் காமாக் குண்டு ஒன்றை வடிவமைக்கிறான். சோதனைக் களத்திற்குள் ரிக் ஜோன்ஸ் என்னும் இளைஞன் நுழைந்துவிட, அவனைக் காக்கப் பேனர் ஓடுகிறான். சோதனையை நிறுத்த வேண்டிய உதவியாளனோ அயல்நாட்டு ஒற்றன், அவன் நிறுத்தவில்லை. இளைஞனைப் பதுங்கு குழிக்குள் தள்ளிய பேனர் கதிர்வீச்சிற்கு ஆளாகிறான். அன்று முதல் இரவு வந்தால் உரு மாறுகிறது; விடிந்தால் மீள்கிறது. இங்குச் சினம் மாற்றத்திற்குக் காரணமன்று, குண்டே காரணம்.

அதே இதழில் வரும் எதிரியும் கருதத்தக்கவன். சோவியத் நாட்டின் மறைமுகக் குண்டுச் சோதனைகளில் பணியாற்றி உருச்சிதைந்த அறிஞன் அவன். பேனரால் இயல்புரு பெற்றதும், தன்னைச் சிதைத்த ஆட்சிக்கு எதிராகத் திரும்பி உயிர்விடுகிறான். இருபுறத்து அரசுகளும் தம் அறிஞர்களை ஒரே வகையில் உருச்சிதைக்கின்றன என்பது கதையின் உட்கிடை. இவ்விதழ் வெளிவந்த ஆண்டிலேயே, அக்டோபரில், கியூப ஏவுகணை நெருக்கடி நிகழ்ந்தது. வளிமண்டல அணுச்சோதனைகளைத் தடைசெய்யும் உடன்பாடு 1963 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது.

ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறத்தான். அச்சில் அந்நிறம் சீராக அமையாததால் இரண்டாம் இதழிலேயே பச்சையானான். ஆறு இதழ்களுடன் 1963இல் தனியிதழ் நின்றது.

தேடப்படும் மனிதன்

1964 முதல் 'டேல்ஸ் டு அஸ்டோனிஷ்' இதழில் கதை தொடர்ந்தபோது விடை மாறியது. உணர்ச்சிக் கொந்தளிப்பே உருமாற்றத்தைத் தூண்டுவதாயிற்று. அத்துடன், பேனர் நாட்டைக் காட்டிக்கொடுப்பவனோ என மேஜர் டால்பட் ஐயுறுவதும் கதையில் இடம்பெற்றது. அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவராயிருந்த ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதி 1954இல் விலக்கப்பட்டதை அறிந்த சமூகத்திற்கு இவ்வையம் அயலானதன்று. பேனர்தான் ஹல்க் என்ற உண்மையை 1966இல் ரிக் வெளியிட்டபின் அவன் ஒளிந்து வாழும் மனிதனானான். அவனைத் துரத்தும் படைத்தலைவர் ராஸ், அவன் காதலிக்கும் பெட்டியின் தந்தை. குண்டைச் செய்யச் சொன்ன அரசே, அதன் விளைவைக் குற்றவாளியாக்கி வேட்டையாடுகிறது.

வெகுளியின் இடமாற்றம்

1977இல் தொடங்கி 1982 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் குண்டினை முற்றிலும் நீக்கிற்று. விபத்தில் மனைவியைக் காக்க இயலாத துயரால் டேவிட் பேனர் தன்னைத்தானே சோதனைக்கு உட்படுத்திக்கொள்கிறான். துரத்துபவர் படைத்தலைவரல்லர், ஒரு செய்தியாளர். ஊர் ஊராக அலையும் தனிமனிதனின் துயரம் மக்களின் நெஞ்சைத் தொட்டது. ஆயினும், அரசு பொறுப்பேற்க வேண்டிய ஒரு கேடு தனியொருவனின் உளக்குறையாகச் சுருங்கிற்று.

1985இல் பில் மான்ட்லோ எழுதிய 312ஆம் இதழ் இன்னும் உள்ளே சென்றது. பேனரின் தந்தை கொடியவர், மகனை வதைத்தவர், தாயைக் கொன்றவர். சிறுவனின் அடக்கப்பட்ட வெகுளியே ஹல்க் எனப்பட்டது. எனினும் அத்தந்தையும் அணு ஆய்வாளரே. தம்மீது பட்ட கதிர்வீச்சினால் மகன் அரக்கனாகப் பிறந்தான் என்னும் அச்சமே அவர் கொடுமைக்கு வித்து. ஆகவே குண்டு மறையவில்லை. வீட்டிற்குள் புகுந்தது எனலாம்.

உறுப்புக் குறைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொல்லுதல் என வெகுளி பிறக்கும் களன்கள் நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கும். நான்கும் பிறர் இழைக்கும் தீங்குகள். வெகுண்டவனை மட்டும் ஆராய்ந்து, வெகுளச் செய்தவரை விடுத்தால் ஆய்வு நிறைவுறாது என்பதற்கு இவ்வரையறை தக்க சான்றாகும்.

மீண்டும் தலைமறைவு

புரூஸ் ஜோன்ஸ் எழுதி, ஜான் ரோமிட்டா ஜூனியர் வரைந்த 34 முதல் 39 வரையிலான இதழ்கள் 2002இல் 'ரிட்டர்ன் ஆஃப் தி மான்ஸ்டர்' என்னும் தொகுப்பாயின. சிறுவன் ஒருவனைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பேனர் மலிவான விடுதிகளில் ஒளிந்து திரிகிறான். ஹல்க்கின் உரு இத்தொகுப்பில் அரிதாகவே காட்டப்படுகிறது. அச்சம் பெரும்பாலும் துரத்துவோரிடமிருந்தே எழுகிறது. மறைவான அமைப்பொன்று அவனுடைய குருதியை நாடுகிறது. ஆற்றலை ஆயுதமாக்கும் வேட்கை ஓயவில்லை என்பதை இது காட்டுகிறது. அல் யூவிங் 2018 முதல் 2021 வரை எழுதிய 'இம்மார்ட்டல் ஹல்க்' 50 இதழ்களில், இரவில் உருமாறும் பழைய மரபும் மீண்டது.

முடிவுரை

இரவு, சினம், இளமைத் துயரம் என விடைகள் மாறியபோது, குற்றத்தின் இடம் அரசின் சோதனைக் களத்திலிருந்து தனிமனிதனின் உள்ளத்திற்குப் பெயர்ந்தது. ஆயினும் ஓடி ஒளியும் மனிதன் என்னும் கூறு மறையாதவரை, துரத்துபவர் யார், எதற்காக என்னும் வினாவும் மறைவதில்லை. கேட்டினை உண்டாக்கியவர் துரத்துபவராகவும், அதனைத் தாங்கியவர் தேடப்படுபவராகவும் நிற்கும் இம்முரணே ஹல்க் கதைகளை வெறும் வலிமைக் கதைகளினின்று வேறுபடுத்துகிறது.