பூனை வாசல்

கதவின் அடிப்பகுதியில் பூனை மட்டும் நுழைந்து வெளியேறும் அளவுக்கு வெட்டப்படும் துளை பூனை வாசல் எனப்படும். இக்காலத்தில் அத்துளையில், மேற்புறம் கீல் பொருத்திய சிறு பலகை ஒன்று இருபுறமும் ஆடுமாறு தொங்குகிறது. பெரிய வாசலை அடுத்துச் சிறிய வாசல் வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் 217 அடி உயர இராசகோபுரத்தின் அருகே உள்ள திட்டிவாசல் ஊரார் நன்கறிந்தது. ஆனால் பூனைக்கென்று ஒரு திட்டிவாசல் வைக்கும் வழக்கம் இங்கு பரவவில்லை. காரணம் எளிது, அதற்குத் தேவை ஏற்படவில்லை.

குறுந்தொகையின் 107ஆம் பாடலில் மதுரைக் கண்ணனார், கூவித் துயில் எழுப்பிய சேவலைத் தலைவி சபிப்பதாகப் பாடியுள்ளார். நள்ளிரவில் வீட்டெலியைத் தேடும் வெருகின் குட்டிக்கு நீ இரையாகுக என்பது அச்சாபம். இரவில் வீட்டைச் சுற்றி எலி பிடிக்கும் பூனை சங்கப் புலவருக்கு அன்றாடக் காட்சி என்பது இதனால் விளங்கும். பின்னாளைய ஓட்டு வீடுகளிலும் நிலைமை மாறவில்லை. திறந்த முற்றம், சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள சந்து, கம்பி மட்டும் வைத்த சன்னல், எந்நேரமும் திறந்திருக்கும் கொல்லைக் கதவு என்று பூனைக்கு வழிகள் பல இருந்தன. அடுப்படியில் பாலை உறியில் தொங்கவிட்டதும் இதனால்தான்!

குளிருக்கு அஞ்சிக் கதவை அடைத்து வாழ்ந்த நாடுகளின் கதை வேறு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கதை ஒன்றில், பணியாள் ஒருவன் பூனை நுழையும் துளை வழியே அறைக்குள் எட்டிப் பார்க்கிறான். இங்கிலாந்தின் எக்சிட்டர் பேராலயக் கணக்கேடுகள் இன்னும் சுவையானவை. 1305 முதல் 1467 வரை அங்குப் பூனைக்காக மூன்று மாதத்துக்கு 13 பென்னி கொடுக்கப்பட்டது. பெரிய கடிகாரத்தின் கயிறுகளில் பூசிய கொழுப்பை நாடி எலிகள் வந்தன. 1598இல் பேராயர் வில்லியம் காட்டன் காலத்தில் கடிகார அறைக் கதவில் துளையிடத் தச்சருக்குக் கூலி தரப்பட்டது. அத்துளையை இன்றும் காணலாம். பூனை வாசலைக் கண்டுபிடித்தவர் நியூட்டன் என்று பாடநூல் துணுக்குகள் கூறுவது பொருந்தாது. அவர் பிறந்ததே 1642இல். மேலும், அவரிடம் எழுத்தராக இருந்தவர் அவருடைய அறையில் நாயோ பூனையோ இருந்ததில்லை என்று குறித்துள்ளார்.

திருவண்ணாமலையில் உயிரினங்களுக்குத் திறந்திருந்த வீட்டுக்கு நல்ல சான்று ரமணாசிரமம். அங்குள்ள பழைய கூடத்தில் ரமணரின் சோபாவை ஒட்டிய சன்னல் வழியே அணில்கள் வந்து அவர் கையிலிருந்து முந்திரியும் நிலக்கடலையும் தின்றன. இலட்சுமி என்ற பசு வாசல் வழியே தானாகவே அவரிடம் வந்து போகும். 1948இல் அது இறந்தபின் எழுப்பிய சமாதி ஆசிரம வளாகத்தில் உள்ளது.

இன்று அதே ஊரில் குரங்குக்கு அஞ்சிச் சன்னலில் கம்பி வலையும், கொசுவுக்கு அஞ்சி நெருக்கமான வலையும் அடிக்கிறார்கள். காங்கிரீட் கூரையில் சந்து கிடையாது. எனவே வளர்ப்புப் பூனைக்கு இப்போது வாசல் தேவைப்படுகிறது. அதைப் பழக்கவும் வேண்டியிருக்கிறது. துளையின் அடிவிளிம்பு பூனையின் வயிற்று மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் அது தடுக்காமல் தாண்டும். முதல் சில நாள் பலகையை முழுவதும் தூக்கிக் கட்டிவிட்டு, மறுபுறம் கருவாட்டுத் துண்டை வைத்து அழைக்க வேண்டும். பிறகு பலகையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தலாம். பூனையைப் பிடித்துத் துளைக்குள் தள்ளுவது பெருந்தவறு. ஒருமுறை வால் நசுங்கினாலும் அது அந்தப் பக்கமே போகாது. பலகை மெதுவாக மூடுகிறதா, விளிம்பு கூராக இல்லையா என்று முதலில் கையால் பார்த்துக்கொள்வது நல்லது.

குரங்கு கை நுழைத்துப் பார்க்கும் ஊரில் தாழ்ப்பாள் உள்ள பலகையே ஏற்றது. பூனையின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பை அறிந்து திறக்கும் கதவுகளும் விற்பனைக்கு உள்ளன, விலைதான் அதிகம். தாழ்ப்பாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்களால் நிறைகிறது. ஊர்ச் சாலைகளில் பேருந்துகளும் ஆட்டோக்களும் நெருக்குகின்றன. கார்த்திகை தீபத்தன்று வெடிச்சத்தமும் சேரும். மிரண்ட பூனை எங்கே ஓடும் என்று சொல்ல முடியாது. அந்நாள்களில் மாலைக்கு முன்பே பூனையை உள்ளே அழைத்துச் சோறு வைத்து, தாழ்ப்பாளிட்டு, மறுநாள் தெரு அடங்கிய பின்னரே திறக்க வேண்டும்.