ஓடும் வண்டிக்கு ஏது நிலம்?

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் அதில் மின்சாரத்துக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. விளக்குகள் அசெட்டிலின் வாயுவால் எரிந்தன; இயந்திரத்தை மனிதன் கைப்பிடியைச் சுழற்றி உயிர்ப்பித்தான். சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் தொடக்கி 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் இடம்பெற்றது. அதன் பின்னர் பேட்டரி எனும் மின்கலம் வண்டிக்கு இன்றியமையாததாயிற்று. அதில் குறைந்ததை ஓட்டத்தின்போதே நிரப்ப ஒரு மின்னாக்கியும் வேண்டியதாயிற்று.

அப்பணியை டைனமோ ஏற்றது. மின்கலம் ஏற்பது ஒரு திசை மின்னோட்டத்தையே. ஆனால், காந்தப் புலத்தில் சுழலும் சுருளில் எழுவதோ திசை மாறி மாறிப் பாயும் ஓட்டம். அதனைச் செப்புத் துண்டுகளாலான திசைமாற்றியும் கரித் தூரிகைகளும் நெறிப்படுத்தின. முழு மின்னோட்டத்தையும் சுமந்ததால் தூரிகைகள் தேய்ந்தன. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது மின்னாக்கமும் குன்றியது.

சென்ற மின்னோட்டம் திரும்பிவர வழி வேண்டுமன்றோ? ஒவ்வொரு விளக்குக்கும் இரு கம்பிகள் இழுப்பதற்கு மாறாக, வண்டியின் இரும்பு உடலையே திரும்பும் பாதையாக்கினர். இதுவே 'எர்த்' எனப்படுவது. இரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கு நிலத்தோடு என்ன உறவு? தந்தியில் அவ்வுறவு மெய்யாகவே இருந்தது. நிலத்தையே திரும்பும் கம்பியாகக் கொள்ளலாம் என்பதை 1838இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டைன்ஹைல் கண்டார். வண்டியில் மண் மறைந்தது. சொல் மட்டும் நின்றது.

உடலோடு எந்த முனையைப் பிணைப்பது? 1948இல் வெளிவந்து, மலாயாச் சாலைகளிலும் ஓடிய மோரிஸ் மைனரில் நேர்முனை பிணைக்கப்பட்டது. அமெரிக்க வண்டிகள் பலவற்றில் எதிர்முனை. டைனமோ இரண்டுக்கும் இணங்கியது. அதன் காந்தச் சுருளில் ஒரு கணம் மின்சாரம் பாய்ச்சினாலே முனைகளை மாற்றிவிடலாம்.

சிலிக்கன் டையோடு வந்ததும் அந்த நெகிழ்ச்சி முடிந்தது. 1960ஆம் ஆண்டு மாதிரியான கிரைஸ்லர் வேலியன்ட் ஆல்டர்னேட்டரோடு வந்தது. இதில் மின்சாரம் தரும் சுருள்கள் அசையாது நிற்க, காந்தம் சுழல்கிறது. தூரிகைகள் சுமப்பது காந்தத்துக்கு வேண்டிய சில ஆம்பியர் மட்டுமே. மூன்று சுருள்களின் மாறுமின்னோட்டத்தை ஆறு டையோடுகள் ஒரு திசைப்படுத்துகின்றன. டையோடு ஒருவழிக் கதவு. மின்கலத்தைத் தலைமாற்றி இணைத்தால் ஆறு கதவுகளும் திறந்து, பெருமின்னோட்டம் பாய்ந்து, அவை நொடியில் எரிந்துபோகும். பிரிட்டிஷ் வண்டிகளும் 1960களின் பிற்பகுதியில் எதிர்முனைப் பிணைப்புக்கு மாறின.

ஆல்டர்னேட்டரின் தடித்த 'பி' முனையிலிருந்து மின்கலத்தின் நேர்முனைக்குக் கம்பி செல்கிறது. 'எல்' அல்லது 'டி' எனக் குறித்த சிறுமுனை எச்சரிக்கை விளக்கோடு இணைகிறது. பல வண்டிகளில் அவ்விளக்கின் வழியே வரும் சிறு மின்னோட்டமே காந்தத்தை முதலில் எழுப்பியது. திரும்பும் பாதைக்கோ பெரும்பாலும் தனிக்கம்பி இல்லை. ஆல்டர்னேட்டரின் கூடே அம்முனை. இயந்திரம் இரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதனை உடலோடு இணைக்கத் தடித்த பின்னற்கம்பி ஒன்று உண்டு. அது துருவேறினால் விளக்கு மங்கும். நல்ல ஆல்டர்னேட்டர் பழிசுமந்து கழற்றப்படும். போகும் வழியை மட்டும் பார்த்து, திரும்பும் வழியை மறப்பதால் நேரும் பிழை அது.