உப்பு வண்டி முதல் ஆம்னி வரை: குடியிருந்த வண்டியை விற்பது

பழைய வேன் ஒன்றின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைப் படுக்கை அமைத்து, அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் இடம் ஒதுக்கி, குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் வெளியே தங்கிவரும் வழக்கம் திண்டுக்கல் பக்கத்தில் சிலரிடம் உண்டு. தெற்கே சிறுமலை, மேற்கே பழநி, தென்மேற்கே கொடைக்கானல் என்று வண்டி சூடேறுவதற்குள் போய்ச் சேரும் இடங்கள் அமைந்த ஊருக்கு இது இயல்பான ஆசைதான். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பின்பு, வண்டி வேப்பமரத்தடியில் நின்று துருப்பிடிக்கிறது; விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

அப்படி ஓர் ஆம்னியை விற்க முற்பட்ட அன்பர் ஒருவர், நான் தமிழாசிரியன் என்பதால் விளம்பர வாசகம் எழுதித் தரும்படி கேட்டார். 'சகல வசதிகளும் கொண்ட நடமாடும் வீடு' என்பது அவர் மனத்திலிருந்த தொடர். பதிவுச் சான்றை வாங்கிப் பார்த்தேன். அதில் வேன் இருந்தது, இருக்கைகளின் எண்ணிக்கை இருந்தது, வீடு இல்லை. அவர் விற்க நினைத்தது ஒன்று, ஆவணத்தில் இருந்தது வேறொன்று. நம்மவர்கள் வண்டியில் குடியிருந்த காலம் வெகுநீண்டது. அக்காலத்தில் இந்தச் சிக்கல் எழாமல் போனது எப்படி, இப்போது எழுந்தது எப்படி என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியில் குடும்பம் நடத்தியவர்களைத் தேடினால் நம் இலக்கியத்தில் முதலில் எதிர்ப்படுவோர் உமணர். நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்ற இவர்களின் வண்டியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் தச்சரின் கண்ணோடு வருணிக்கிறார். முழவு போன்ற உருளைகள், மேலே கூரை, கோழி தங்கும் கூடு, கயிற்றில் தொங்கும் சிறிய உரல், முகப்பிலே காடி வைத்த கலம் என வரிசையாகப் பொருள்கள் வருகின்றன. கைக்குழந்தையுடன் தாய் எருதுகளை ஓட்ட, ஆடவர் வண்டியின் பக்கத்தே நடக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையிலோ உமணர் வளர்த்த மந்தி அவர்தம் சிறுவரோடு விளையாடுகிறது. கோழி, குழந்தை, குரங்கு, உரல் எல்லாம் உடன்வந்தால் அதை வீடு என்னாமல் வேறென்ன என்பது?

இரண்டு செய்திகள் இங்கே ஊன்றி நோக்கத்தக்கன. ஒன்று, சேம அச்சு. வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று மற்றோர் அச்சை வண்டியின் அடியில் கட்டிச் செல்வர் உமணர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு இச்சேம அச்சை உவமையாக்குகிறார். மற்றொன்று, அவர்கள் விட்டுச்சென்ற அடுப்புக் கற்கள். உமணர் தங்கிச் சமைத்துப் புறப்பட்ட பின் கற்கள் மட்டும் வழியில் கிடக்கும் காட்சி அகநானூற்றில் வருகிறது. அடுப்பு வண்டியில் இல்லை, தரையில் இருந்தது. உரல் கயிற்றில் தொங்கியது. அச்சு அடியில் கட்டப்பட்டிருந்தது. வீட்டுக்குரியவை பலவும் வண்டியோடு பிணைக்கப்பட்டனவே அன்றி வண்டியின் உறுப்பாகிவிடவில்லை. கயிற்றை அவிழ்த்தால் வீடு இறங்கிவிடும், வண்டி வண்டியாகவே நிற்கும். சங்கப் பாடல்கள் வண்டி விற்பனையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இந்த அமைப்பிலிருந்து விற்பனையின் எளிமையை நாம் ஊகிக்கலாம்.

சங்க காலத்திலிருந்து திண்டுக்கல் சமவெளிக்கு வருவோம். இங்கே நெடும்பயணம் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை பெரும்பாலும் மாட்டுவண்டிப் பயணமே. வழியில் தங்கிச் செல்வோருக்கென எழுந்த சத்திரங்களின் நினைவு ஒட்டன்சத்திரம் என்ற ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. பழநிக்குச் செல்வோர் கூண்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம் விரித்து, அரிசி பருப்பு மூட்டைகளோடு புறப்படுவர். இரவில் மாடுகளை அவிழ்த்து, நுகத்தடிக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தினால் மேலே பெண்டிரும் குழந்தைகளும், கீழே ஆடவரும் உறங்குவர். செட்டிநாட்டிலிருந்து நத்தம் வழியாக நகரத்தார் மேற்கொள்ளும் தைப்பூச யாத்திரை இன்றும் கால்நடையாகவே தொடர்கிறது. திண்டுக்கல்லுக்கும் பழநிக்கும் இடையே இருப்புப்பாதை 1928இல்தான் வந்தது என்பதை நினைத்தால், அதற்கு முன் வண்டிகளின் இடம் என்னவென்று விளங்கும்.

கொடைக்கானல் பயணமும் அத்தகையதே. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் மலையில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1875இல் திருச்சி மதுரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும், பின்னாளில் கொடைரோடு எனப் பெயர்பெற்ற அம்மையநாயக்கனூர் நிலையம் மலைக்கு வாயிலாயிற்று. அங்கே இறங்கியோர் மாட்டுவண்டியில் படுத்தபடியே முப்பது மைலுக்கு மேற்பட்ட சமவெளியை இரவில் கடந்து, பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவர். அதற்குமேல் குதிரை, நாற்காலிப் பல்லக்கு அல்லது கால்நடை. வெள்ளைக்காரத் துரை உறங்கிய அந்த வண்டி, மறுவாரம் புகையிலையோ நிலக்கடலையோ ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் சந்தைக்குப் போவதற்கு எந்தத் தடையும் இல்லை. மெத்தையை எடுத்தால் போதும்.

வண்டிக்காரரின் முதலீட்டில் உயிருள்ள பகுதி மாடு. எனவே விற்பனையின் நுட்பமெல்லாம் மாட்டைச் சுற்றியே வளர்ந்தது. ஒட்டன்சத்திரம் மாட்டுச்சந்தை போன்ற இடங்களில் தரகர் துண்டுக்கடியில் கைகோத்து, விரல்களைத் தொட்டு விலை பேசுவார். சுற்றி நிற்பவர் யாருக்கும் தொகை தெரியாது. வாங்குபவர் பல்லைப் பிடித்து வயது பார்ப்பார், கடை சேர்ந்த மாடா என்று கேட்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் குளம்பு பார்ப்பார். குறையை மறைத்து விற்றால், அந்தப் பழி தரகரின் பெயரில் அடுத்த சந்தையிலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்று, கயிறு கைமாறிய பின்பு மாடு வாங்கியவருடையது. அது யார் வயலை மேய்ந்தாலும் பழைய உடைமையாளரைத் தேடி எவரும் வருவதில்லை. ஊரறிய நடந்த கைமாற்றமே ஆவணம்.

இனி மோட்டார் யுகம். ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1950இல் தன் புகழ்பெற்ற வேனை வெளியிட்டது. அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா என்ற நிறுவனம் அதில் படுக்கையும் அலமாரியும் பொருத்தி முகாம் வண்டியாக்கியது. 1960களிலும் 1970களிலும் அத்தகைய வண்டிகளில் ஐரோப்பிய இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்தனர். 1979இல் ஈரானியப் புரட்சியும் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததும் அவ்வழியை அடைத்தன. அவர்களும் வண்டியை நினைத்த இடத்தில் விற்றுவிட முடியவில்லை. சுங்கத்தீர்வை இல்லாமல் தற்காலிகமாக நுழைந்த வண்டி திரும்பி வெளியேறவேண்டும், இல்லையேல் தீர்வை கட்டவேண்டும். வீட்டை விற்க நினைத்தவரின் கையைக் காகிதம் பிடித்துக்கொண்டதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

நம் நாட்டில் 1958இல் தொடங்கப்பட்ட பஜாஜ் டெம்போ நிறுவனம் 1969 முதல் மேட்டடார் வேனைத் தயாரித்தது. 1984இல் வந்த மாருதி வேன், பின்னர் ஆம்னி என்ற பெயரில் தமிழ்நாட்டுத் தெருக்களின் அங்கமாயிற்று. 796 கனசென்டிமீட்டர் எஞ்சின் முன்னிருக்கைகளின் கீழே ஒடுங்கிக்கொண்டதால் பின்பகுதி தட்டையாகக் கிடைத்தது; கதவுகள் பக்கவாட்டில் நகர்ந்தன. பள்ளிப் பிள்ளைகள், காய்கறி, நோயாளி, திருமணச் சீர் என எதையும் ஏற்றிக்கொண்ட அவ்வண்டியில் படுக்கை போடும் எண்ணம் எவருக்கும் தோன்றக்கூடியதே. அதன் உற்பத்தி 2019இல் நின்றது. இன்று விற்பனைக்கு வரும் ஆம்னிகள் அனைத்தும் பழையவையே.

மாட்டுவண்டிக்கும் ஆம்னிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு வேகத்தில் இல்லை. மாட்டுவண்டியின் வடிவம் தச்சரின் கையிலும் உடையவரின் விருப்பத்திலும் இருந்தது. மோட்டார் வண்டியின் வடிவமோ அரசின் ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. முகாம் வண்டி என்பதே சட்டத்துக்கு அந்நியம் என்று இதற்குப் பொருளில்லை. தனிப்பயன்பாட்டுக்கான முகாம் வேன் 2004ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையில் இடம்பெற்றுள்ளது; அத்தகைய வண்டிகளுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவரையறையும் உண்டு. கேரள அரசு 2021இல் இவ்வகைச் சுற்றுலாவுக்கெனத் தனிக்கொள்கையே அறிவித்தது. ஆனால் பட்டறையில் பற்றவைத்து உருவாக்கிய வீடு இந்த வாயில்களின் வழியே வந்ததன்று.

இதனினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கயிறு கைமாறியவுடன் மாட்டுக்காரரின் பொறுப்பு தீர்ந்தது. வேன்காரரின் பொறுப்பு சாவி கைமாறியவுடன் தீர்வதில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், 2007இல் விற்கப்பட்ட கார் ஒன்று ஒருவர்பின் ஒருவராகப் பலர் கைக்கு மாறியது. 2009இல் விபத்து நேர்ந்து ஓர் உயிர் போயிற்று. பதிவேட்டில் முதலாமவரின் பெயரே இருந்தது. சட்டத்தின் கண்ணில் அவரே உடைமையாளர் என்று நீதிமன்றம் கூறி, இழப்பீட்டுப் பொறுப்பை அவர்மீது வைத்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் விற்பனைச் சங்கிலியைத் துருவிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். ஒருபக்கம் அது அறம்தான். மறுபக்கம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் விற்ற வண்டி ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கொண்டுபோகக்கூடும் என்பதும் உண்மை.

ஆகவே அன்பருக்கு நான் சொன்னது இரண்டே செய்திகள். முதலாவது, வீட்டையும் வண்டியையும் பிரித்துவிடுவது. படுக்கைப் பலகை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, திரைச்சீலை ஆகியவற்றைக் கழற்றித் தனிப்பட்டியலிட்டு, வேண்டுமெனில் தனி விலைக்குக் கொடுக்கலாம். வேனைப் பதிவுச் சான்றில் உள்ளபடி இருக்கைகள் பொருத்தி வேனாகவே விற்கவேண்டும். நிரந்தரமாக வெட்டி ஒட்டிய பகுதி ஏதேனும் இருந்தால் அதை வாங்குபவரிடம் மறைக்கலாகாது. அதனால் காப்பீட்டிலும் தகுதிச் சான்றிலும் எழக்கூடிய தடையைச் சொல்லிவிட வேண்டும். பல்லைத் திறந்து காட்டி மாடு விற்ற ஊரில் இது புதிய ஒழுக்கமன்று.

இரண்டாவது, பெயர்மாற்றத்தை முடிப்பது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்பவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்குபவருக்கு 30 நாள். படிவம் 29 விற்பனையை அறிவிப்பது, படிவம் 30 பெயரை மாற்றக் கோருவது. வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டியாயின் படிவம் 28இல் தடையின்மைச் சான்றும் பெறவேண்டும். 'அப்புறம் மாற்றிக்கொள்கிறேன்' என்ற வாய்ச்சொல்லை நம்பி வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பதுதான் பல குடும்பங்கள் செய்யும் வினை. பதிவேட்டில் புதிய பெயர் ஏறியதைக் கண்ணால் பார்க்கும்வரை விற்பனை முடியவில்லை என்றே கொள்ளவேண்டும்.

உமணர் நெடுவழியில் அச்சு முறியும் என்று எதிர்பார்த்துப் புறப்பட்டவர்கள். முறியாமல் ஊர்போய்ச் சேர்ந்தால் கட்டிய அச்சு வீண் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். பெயர்மாற்றம் முடிந்த சான்றின் நகலையும் அப்படித்தான் வைத்துக்கொள்ளவேண்டும். அன்பரின் விளம்பரம் ஈற்றில் ஒற்றை வரியாகச் சுருங்கிற்று: 'ஆம்னி வேன், ஒரே உடைமையாளர், பெயர்மாற்றம் உடனே செய்துகொள்பவருக்கு மட்டும், படுக்கைப் பலகை தனியே.'