அன்னவாசலிலிருந்து அலையாத்திக் காட்டுக்கு

புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்தது 1974 ஜனவரி 14 அன்று. அதற்கு முன் தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானத்துக்கு நான்கு பக்கமும் நிலம்தான் எல்லை. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் போனபோதும் அந்த நிலை மாறவில்லை. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதியையும் சேர்த்துப் புது மாவட்டம் அமைத்தபோதுதான் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகிய கரையூர்கள் புதுக்கோட்டையின் வரைபடத்துக்குள் வந்தன. பாக் விரிகுடாவை ஒட்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள கரை அது. மாவட்டத்தின் வடமேற்கில், பாறைக் குன்றுகளுக்கும் கண்மாய்களுக்கும் நடுவில் இருக்கும் அன்னவாசலிலிருந்து அந்தக் கரைக்குப் பேருந்தில் போக அரை நாள் கூட ஆகாது. ஆனாலும் அங்கே வளரும் பிள்ளைகளில் பலர் கடலை முதன்முதலாகப் பார்ப்பது பள்ளியில் அழைத்துப் போகும் நாளில்தான். கடலோர இயற்கையைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டும் வழக்கம் இந்தப் பகுதி வரை வந்து சேர்ந்த கதை நூறாண்டுக்கும் மேற்பட்டது.

அன்னவாசல் பிள்ளைகளுக்கு வெளிப்பாடம் என்றால் முதலில் சித்தன்னவாசல்தான், கூப்பிடு தூரம். ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமணத் துறவிகள் படுத்த வழுவழுப்பான கல் படுக்கைகளையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டையும் பார்த்து இறங்கினால், கீழே குடைவரையாக அறிவர் கோயில். அதன் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மொட்டும் மலருமாகத் தாமரை, இலைகளுக்கு நடுவே மீன், நீர்ப்பறவைகள், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இக்கோயில் புதுப்பிக்கப்பட்டதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. சமணர்களுக்கு அந்தக் குளம் சமயப் பொருள் கொண்டது. பள்ளிப் பிள்ளைக்கோ அது ஒரு நீர்நிலையின் முழுப் பட்டியல்: செடி, மீன், பறவை, விலங்கு, மனிதன் எல்லாம் ஒரே நீரில். இந்த வட்டாரத்தின் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது. பின்னாளில் கடலோரக் கழிமுகத்தில் பிள்ளைகள் பார்க்கப்போவதும் இதே கூட்டுவாழ்வைத்தான், உப்பு நீரில்.

கடலுயிர்களை மக்களுக்குக் காட்டும் முயற்சி தமிழ்நாட்டில் கண்ணாடித் தொட்டியில் தொடங்கியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-ல் மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல். 1919-ல் மீன்வளத் துறையின் பொறுப்புக்கு வந்த அந்தக் காட்சியகம், இரண்டாம் உலகப் போரின்போது, சென்னையில் குண்டு விழும் என்ற அச்சம் பரவிய நாட்களில் மூடப்பட்டது. அது திறந்த மறு ஆண்டான 1910-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் தன் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. இன்று திருக்கோகர்ணத்தில் இருக்கும் அந்தக் கூடத்தில் சிற்பம், நாணயம், ஆயுதங்களோடு விலங்கியல் பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன. கடல் இல்லாத ஒரு சமஸ்தானத்தில் இயற்கையைப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்த இடம் அதுதான்.

கடலுக்கே போய்ப் படிக்கும் வழக்கம் முதலில் கல்லூரிகளில் வந்தது. இதற்கு உலக அளவில் முன்னோடிகள் உண்டு. 1870-களில் ஆன்டன் டோர்ன் இத்தாலியின் நேப்பிள்ஸ் கரையில் கடலுயிர் ஆய்வு நிலையத்தையும், அதன் கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகத்தையும் அமைத்தார். 1873-ல் லூயி அகாசி அமெரிக்காவின் பெனிகீஸ் தீவில் ஒரு கோடைப் பள்ளி நடத்தினார். அதில் படித்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். புத்தகத்தை மூடிவிட்டுக் கரையில் கிடக்கும் உயிரைப் பார்க்கக் கற்றுக்கொண்டு அவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிகளுக்குத் திரும்பினார்கள். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போகுமுன் ஆசிரியரை அழைத்துப் போக வேண்டும் என்ற அந்த வரிசைமுறை மிகச் சரியானது. பிற்காலத்தில் பல இடங்களில் அது மறக்கப்பட்டது.

தமிழகத்தில் அத்தகைய இடமாக விளங்கியது பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவு. பவளப்பாறை, கடற்பஞ்சு, கடல் அட்டை, நட்சத்திர மீன் என்று முதுகெலும்பில்லா உயிர்களின் பெரும்பாலான வகைகளை ஒரே தீவின் ஓரத்தில் பார்க்க முடிந்ததால் சென்னை மாகாண மீன்வளத் துறை அங்கே ஓர் ஆய்வு நிலையத்தை நடத்தியது. சென்னை அருங்காட்சியகத்தின் எஃப். எச். கிரேவ்லியின் முன்முயற்சியில் அத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய பெரிய தொகுப்பு 1927-ல் வெளியானது. விலங்கியல் மாணவர்கள் குருசடைக்குப் போவது மாகாணக் கல்லூரிகளில் மரபாயிற்று. 1929-ல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கும், மறு ஆண்டில் அங்கிருந்து மானாமதுரைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டதும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு மண்டபம், இராமேசுவரம் பக்கம் போவது எளிதாகிவிட்டது. 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் மண்டபம் முகாமைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. தலைமையிடம் கொச்சிக்குப் போன பின்னும் மண்டபத்தில் அதன் நிலையமும் மீன் காட்சியகமும் நீடித்தன. இராமேசுவரம் டூர் போகும் பள்ளிப் பேருந்துகள் வழியில் நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்றாயிற்று.

அந்தக் காலக் களப்பயணத்தின் நோக்கம் சேகரிப்பது. போனவர்கள் வாளியும் வலையும் கொண்டு போனார்கள். திரும்பும்போது ஃபார்மலின் புட்டிகளோடு வந்தார்கள். பள்ளி ஆய்வகங்களின் மர அலமாரிகளில் மஞ்சளேறிய திரவத்தில் மிதக்கும் கடல் குதிரையும் நட்சத்திர மீனும் பவளத் துண்டும் அப்படி வந்தவைதான். உள்நாட்டுப் பிள்ளைக்குக் கடல் என்பது பல காலம் அந்த அலமாரியாகவே இருந்தது. சட்டம் இதை மாற்றியது. 1986-ல் குருசடை உள்ளிட்ட மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989-ல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-ல் பவளங்களும் கடல் அட்டைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. எடுத்து வருவது குற்றம் ஆனதும், பார்த்துவிட்டு வருவது மட்டுமே பாடமாக மிஞ்சியது. கற்பிக்கும் முறையில் நேர்ந்த பெரிய திருப்பம் இதுதான்.

பார்ப்பதற்கென்றே அமைந்த இடமாகப் புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை வட்டாரப் பள்ளிகளுக்குக் கிடைத்தது கோடியக்கரை. வங்கக் கடலோரமாகத் தெற்கே வரும் கரை சட்டென்று மேற்கே திரும்பி பாக் நீரிணையைத் தொடும் முனை அது. வேதாரண்யத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ரயில் நிலையமே இருந்தது. சலீம் அலி அங்கு வந்து பறவைகளைக் கண்டு அதன் அருமையை எடுத்துரைத்தார். 1967-ல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல ஆண்டுகள் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, மீண்டும் பறக்கவிட்டது. சைபீரியாவிலிருந்து வரும் கொசு உள்ளான் ஒரு பிள்ளையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சிறிய உடம்பு அத்தனை தூரம் பறந்து வந்திருக்கிறது என்பதற்கு அந்த உலோக வளையம் ஒரு சான்று. புவியியல் புத்தகத்தின் பத்துப் பக்கத்தை அது ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது.

கோடியக்கரைக்குப் போகச் சிறந்த பருவம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. வலசைப் பறவைகள் வருவதும் அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை முந்தி நிற்பதால், பள்ளிகளுக்கு ஏற்ற நாட்கள் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வு முடிந்த பின் வரும் வாரங்களே. உப்பங்கழியில் பூநாரைக் கூட்டம், புல்வெளியில் வெளிமான், நாட்டு மாடுகளோடு கலந்து மேயும் மட்டக்குதிரைகள், இராமர் பாதம் என்ற மேட்டிலிருந்து தெரியும் காட்டின் விரிவு ஆகியவை எல்லாப் பயணங்களிலும் இடம்பெறுபவை. வனத்துறையின் ஓய்வு இல்லத்துக்குப் பெயரே பூநாரை இல்லம். கரையில் முட்டையிட வரும் ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர். முட்டைகளை வனத்துறையினர் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஒரு மாதத்தின் பெயரை ஓர் உயிருக்கு வைத்த கரையோர மக்களின் கவனிப்பு எந்த ஆய்வுக் குறிப்பேட்டுக்கும் குறைந்ததல்ல.

கோடியக்கரையின் காடு உலர் பசுமைமாறாக் காடு என்ற வகையைச் சேர்ந்தது. பாலை மரம் அதில் மிகுதி. இதே வகைக் காட்டின் மிச்சங்கள்தான் புதுக்கோட்டை மாவட்டத்தின் கோயில் காடுகளிலும் நார்த்தாமலைப் பக்கத்திலும் இருப்பவை. அன்னவாசல் பக்கத்துப் பிள்ளை, தன் ஊர் ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் மரத்தைக் கடல் முனையில் மறுபடி பார்க்க முடியும். பறவையைக் காட்டும் அவசரத்தில் இந்த ஒற்றுமையைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு. வரலாற்று ஆசிரியருக்கும் அங்கே வேலை உண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்தது வேதாரண்யம் பகுதியில்தான். அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது. உப்பளம், பறவை, விடுதலைப் போராட்டம் மூன்றையும் ஒரே பேருந்துப் பயணத்தில் சேர்த்துவிட முடிந்ததே இந்தத் தடம் நிலைபெற்றதற்கு ஒரு காரணம். 2002-ல் கோடியக்கரை ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

இன்பச் சுற்றுலாவாக இருந்ததைக் களப்பயணமாக மாற்றியதில் நீதிமன்றத்துக்கும் மக்கள் இயக்கங்களுக்கும் பங்குண்டு. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அதே ஆண்டில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுந்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அப்போதுதான். எழுத்தறிவோடு ஊரைவிட்டு வெளியே போகும் துணிவையும் அது வீடுகளுக்குள் கொண்டு வந்தது. மகளைப் பள்ளி டூருக்கு அனுப்ப ஒப்புதல் கடிதத்தில் தாயே கையெழுத்திடும் தலைமுறை அதிலிருந்து உருவானது. 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு பிள்ளைகளைத் தங்கள் ஊரின் நீர், மண், பயிர் பற்றிக் கள ஆய்வு செய்ய வைத்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இங்கே அதை முன்னெடுத்தது. 2001-ஐ ஒட்டித் தொடங்கிய தேசிய பசுமைப் படை பள்ளிதோறும் சுற்றுச்சூழல் மன்றங்களுக்குச் சிறு நிதி கொடுத்தது. கட்டுச்சோறும் பாட்டுமாகப் போய்வந்த பயணத்தில் குறிப்பேடும் கேள்வித்தாளும் சேர்ந்தன.

2004 டிசம்பர் 26-ன் ஆழிப்பேரலை எல்லாவற்றையும் நிறுத்தியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடியக்கரையில் சோழர் காலத்தது எனப்பட்ட பழைய கலங்கரை விளக்கின் எச்சமும் அன்று போயிற்று. கடல் என்றாலே பெற்றோர் அஞ்சினார்கள்; அஞ்சியதில் தவறில்லை. ஆனால் அதே பேரழிவு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. அலையாத்தி என்ற சொல்லே அலையை ஆற்றும் மரம் என்று பொருள் தருகிறது. அந்தப் பழம்பெயரின் பொருளை நாடே அப்போதுதான் கேட்டது.

தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு முத்துப்பேட்டையில் இருக்கிறது. காவிரிக் கழிமுகத்தின் கோரையாறு, பாமணியாறு முதலிய கிளைகள் பெரிய உப்பங்கழி ஒன்றில் விழும் இடம் அது. ஆங்கிலேயர் காலத்தில் மரங்களைப் பட்டை பட்டையாக வெட்டியதில், வெட்டிய இடங்களின் மண் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி உப்பேறிப் பாழ்பட்டது. அதைச் சரிசெய்ய மீன் முள் வடிவில் கால்வாய் வெட்டி, ஓதநீர் வந்து திரும்ப வழி செய்யும் முறை 1990-களில் கையாளப்பட்டது. வனத்துறை, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கரையூர் மக்கள் மூவரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். ஜாம்புவானோடையிலிருந்து படகேறி, காட்டுக்குள் மர நடைபாதையில் இறங்கும் மாணவர்கள், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்களைக் காண்கிறார்கள். காற்றில்லாத சேற்றில் நிற்கும் மரம் மூச்சுவிட வேரை மேலே அனுப்புகிறது. இலையின் பின்புறத்தை நக்கினால் உப்புக் கரிக்கும். மரம் வெளியேற்றிய உப்பு அது. நாக்கில் பட்ட பாடம் மறப்பதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் கோடியக்கரைக் காட்டையும் முத்துப்பேட்டைக் காட்டையும் முறித்துப் போட்டது. அதே காற்று உள்ளே நுழைந்து புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னை, பலா, தேக்கு மரங்களையும் சாய்த்தது. அதற்குப் பின் கரைக்குப் போன உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கம் அதிகம் தேவைப்பட்டிருக்காது. தங்கள் தோப்புகளில் பார்த்த சேதத்தையே கரையிலும் பார்த்தார்கள்.

புதுக்கோட்டையின் சொந்தக் கரை இந்த வரலாற்றில் கடைசியாகத்தான் வருகிறது. மீன்பிடி ஊர்களும் சேற்று நிலங்களும் இறால் பண்ணைகளும் கொண்ட அந்தக் கரையைச் சுற்றுலா இடமாக யாரும் கருதியதில்லை. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவின் அடியில் கடற்புல் வெளிகள் படர்ந்துள்ளன. அவற்றை மேய்ந்து வாழும் கடல்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்கிறார்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் இதுவே. இந்திய வன உயிரின நிறுவனத்தின் கடல்பசு மீட்புத் திட்டம் மீனவர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தந்து, வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கும் செய்தியை வீடுவரை கொண்டு சேர்த்தது. பன்னாட்டுக் கடல்பசுப் பாதுகாப்பு மையத்துக்கு இடமாகத் தேர்வானது மல்லிப்பட்டினத்தை அடுத்த மனோரா. நெப்போலியனின் தோல்வியை நினைவுகூர்ந்து சரபோஜி மன்னர் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம் நிற்கும் ஊர் அது.

மனோராவுக்கு அன்னவாசலிலிருந்து காலையில் புறப்பட்டு இருட்டுமுன் திரும்பிவிடலாம். கோடியக்கரைப் பயணத்துக்கு ஆகும் வாடகையில் ஒரு பகுதி மிச்சமாகும். கட்டணம் கட்ட முடியாமல் வகுப்பில் நின்றுவிடும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதனால் குறையும். மணமேல்குடி வழியாக வந்தால், மாவட்டத்தின் குறுக்கே ஓடிவரும் தென் வெள்ளாறு அந்த ஊருக்கு அருகே கடலில் சேருவதையும் காணலாம்.