செயின் நிஜமாவே நீளுமா?

"செயின் நீண்டுடுச்சு சார், மாத்திடலாம்." மெக்கானிக் கடையில இந்த வசனத்தைக் கேக்காத பைக்காரர் இருக்க முடியாது. இரும்பு எப்படிங்க ரப்பர் மாதிரி நீளும்? பதில் தேடிப் போனா, அது நேரா 1880ம் வருஷத்து மான்செஸ்டர் பக்கம் கொண்டு போய் விடுது.

ஹான்ஸ் ரெனால்ட், சுவிட்சர்லாந்துக்காரர். 1873ல இங்கிலாந்து வந்தவர், 1879ல சால்ஃபோர்ட்ல ஜேம்ஸ் ஸ்லேட்டரோட சின்ன செயின் பட்டறையை விலைக்கு வாங்கினார். அந்தக் கால செயின்ல பக்கத் தகட்டோட ஓட்டை நேரா பின் மேல உரசும். மெல்லிசு தகடு, சீக்கிரம் தேஞ்சு போகும். 1880ல ரெனால்ட் நடுவுல ஒரு குட்டிக் குழாயைச் (புஷ்) சொருகினார். பாரம் அதோட முழு அகலத்துக்கும் பரவிடுச்சு. அதுக்கு மேல சுத்தற ஒரு ரோலர். அவ்ளோதான்! இன்னிக்கு நம்ம பைக்ல ஓடறதும் இதே அமைப்புதான்.

ஆக, செயின் நீள்றதுன்னா இரும்பு நீள்றது இல்ல, பின்னும் புஷ்ஷும் தேயறது. 100 கண்ணி இருக்கிற செயின்ல கண்ணிக்கு 0.1 மி.மீ. தேஞ்சா மொத்தம் 10 மி.மீ. நீளம் கூடிடும். அப்புறம் அது பல்சக்கரத்துல சரியா உக்காராம பல்லையும் சேர்த்துத் தின்னும். செயினையும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செட்டாவே மாத்தச் சொல்றது அதனாலதான் (வியாபார தந்திரம் இல்லீங்கோ).

இவ்ளோ நல்ல சரக்கு கையில இருந்தும், ஆரம்பகால பைக்குகள்ல பெரும்பாலும் பெல்ட்தான். மழை பெஞ்சா வழுக்கும், மேடு வந்தா வழுக்கும். இந்த விவகாரம் சந்திக்கு வந்தது 1911ல. ஐல் ஆஃப் மேன் டி.டி. ரேஸை அந்த வருஷம்தான் மலைப்பாதைக்கு மாத்தினாங்க. 1,300 அடிக்கு மேல ஏறணும். சீனியர் ரேஸ்ல முதல் மூணு இடத்தையும் அமெரிக்காவோட இண்டியன் பைக்குகள் அள்ளிட்டுப் போச்சு. ரெண்டு கியர், முழுக்க செயின்! பெல்ட் உடனே செத்துடல. 1914 சீனியர் ரேஸை ஜெயிச்ச ரட்ஜ் மல்டி பெல்ட் வண்டிதான். ஆனா அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஓரங்கட்டப்பட்டது.

இங்கதான் ஒரு சுவாரசியமான சிக்கல். பெல்ட் வழுக்கறது குறைதான், ஆனா அந்த வழுக்கல்தான் எஞ்சினோட உதைப்பையும் வாங்கிக்கிட்டு இருந்தது. செயின் வழுக்காது. ஒத்தை சிலிண்டரோட ஒவ்வொரு அடியும் நேரா பின் சக்கரத்துல இறங்கும். இதுக்கு ராயல் என்ஃபீல்ட் 1910களோட ஆரம்பத்துல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பின் ஹப்புக்குள்ள ரப்பர் கட்டைகளை வச்சு, ஸ்ப்ராக்கெட் அந்த ரப்பரைத் தள்ளி, ரப்பர் சக்கரத்தைத் தள்ளற மாதிரி செஞ்சாங்க. 'குஷ் டிரைவ்'னு பேரு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ் அவங்களோட கூட்டு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சப்போ, புல்லட்டோட சேர்ந்து அந்த ரப்பரும் திருவொற்றியூருக்கு வந்துடுச்சு.

என் புல்லட்டோட பின் சக்கரத்தை வீட்டு வாசல்லயே நான்தான் கழட்டி மாட்டறேன். ஸ்ப்ராக்கெட்டைக் கையால பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினா லொடலொடன்னு ஆடக் கூடாது. ஆடினா ரப்பர் நசுங்கிப் போச்சுன்னு அர்த்தம். செயின் லாக்கோட மூடின முனை, செயின் ஓடற திசையைப் பாத்து இருக்கணும். திறந்த பக்கம் முன்னாடி இருந்தா, எதுலயாவது இடிச்சு கிளிப் கழண்டுக்கும்.

இதுக்கெல்லாம் தேவை நாலு ஸ்பேனரும் ஒரு மத்தியான நேரமும்தான். பெரிய பாகம் பிழைக்கணும்னா சின்ன பாகம் முதல்ல தேயணும், அதை வண்டிக்காரனே மாத்திக்கணும். தேயற புஷ், நசுங்கற ரப்பர், கழட்டற லாக் எல்லாத்துலயும் இருக்கிறது இந்த ஒரே யோசனைதான்.

ஹப்லயே மோட்டார் வச்ச எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல இது எதுவுமே கிடையாது. எண்ணெய் போடற வேலை மிச்சம், ஒத்துக்கறேன். சாஃப்ட்வேர்காரனா எனக்கு மூடின பெட்டிகள் ஒண்ணும் புதுசில்ல. ஆனா வண்டியில ஏதாவது ஒண்ணு தேஞ்சு போகும்போது, அது என்னன்னு தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கற உரிமை இருக்கே, அதை அவ்வளவு சுலபமா விட்டுக்கொடுக்க மனசு வரல மக்களே.