ஊசியும் கத்தரிக்கோலும்: இலண்டன் தையற்றொழிலில் துணி வெட்டுநர் பயிற்சி

துணியை வெட்டுவதும் வெட்டியதைத் தைப்பதும் ஒரே தொழிலின் இரு கூறுகளாகும். ஆயினும் இலண்டன் நகரின் உயர்தர ஆடவர் தையற்கடைகளில் இவ்விரண்டையும் ஒருவரே செய்யும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அருகிவிட்டது. வெட்டு மேசையருகே நின்றவர் ஒருவர். கால்களை மடித்துப் பலகைமீதமர்ந்து தைத்தவர்கள் பலர். முன்னவரின் அறிவு யாருக்குக் கற்பிக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினா இத்தொழிலின் வரலாற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றது.

இலண்டன் தையற்காரரின் சங்கம் 1327இல் மூன்றாம் எட்வேட் மன்னரிடம் அரச பட்டயம் பெற்றது. ஆயின், காலப்போக்கில் அது செல்வ வணிகரின் சங்கமாக மாறிற்று. 1563ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தொழில் பயிலுவோர் ஏழாண்டுகள் பயிலவேண்டுமென விதித்தது. முழுத் தொழிலையும் கற்பித்தலே அதன் நோக்கம். நடைமுறையிலோ பெரும்பாலோர் ஊசி வேலையுடன் நின்றுவிட்டனர். 1747இல் றொபேட் கம்பெல் வெளியிட்ட, இலண்டன் தொழில்கள் பற்றிய நூலில், வெட்டுநரின் நிலையும் கூலித் தையற்காரரின் வறுமையும் வெவ்வேறாகவே காட்டப்படுகின்றன.

இவ்வேறுபாட்டின் கடுமையைச் சட்டங்களிலும் காணலாம். கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் கோரி 7,000க்கு மேற்பட்ட கூலித் தையற்காரர் ஒன்றுசேர்ந்துள்ளனரென முதலாளிமார் பாராளுமன்றத்தில் முறையிட்டனர். அதன் விளைவாக 1721இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்தம் கூட்டுச் சேர்க்கையைத் தடைசெய்தது. வேலைநேரம் காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரையென்றும், நாட்கூலி வேலை மிகுந்த வசந்த காலத்தில் 2 சிலிங்கிற்கும் ஏனைய காலங்களில் 1 சிலிங் 8 பென்சிற்கும் மேற்படலாகாதென்றும் வரையறுக்கப்பட்டது. 1563ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயிற்சி விதிகள் 1814இல் நீக்கப்பட்டன. 1834ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும் தோல்வியுற்றது. அதன்பின் தையல் வேலை சிறு அறைகளுக்கும் வீடுகளுக்கும் மலிவுக் கூலிக்குப் பரவியது. 1849–50 காலப்பகுதியில் ஹென்றி மேய்ஹியு எழுதிய பத்திரிகைக் கட்டுரைகளும், 1850இல் வெளிவந்த சார்ள்ஸ் கிங்ஸ்லியின் 'அல்ற்றன் லொக்' நாவலும் இத்துயரத்தை உலகறியச் செய்தன.

இதே காலத்தில் வெட்டும் அறிவு நூல்வடிவம் பெறலாயிற்று. முன்னர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு காகிதப் பட்டி வைத்து, அதில் வெட்டுக்குறிகளிட்டு அளவு குறிப்பர். 1769இல் வெளிவந்த கார்சோவின் பிரெஞ்சு நூல் இம்முறையை விளக்குகின்றது. குறியிட்டவர்க்கே அக்குறி விளங்கும். 1800ஆம் ஆண்டையொட்டி அங்குல அளவுநாடா வழக்கிற்கு வந்ததும், அளவு எவரும் வாசிக்கக்கூடிய எண்ணாயிற்று. கணித அறிஞர் வாம்பன் போன்றோர் உடலின் விகிதங்களைக் கணக்கிட்டு வெட்டுமுறைகளை வகுத்தனர். 1866இல் 'ரெய்லர் அன்ட் கட்டர்' என்னும் தொழிற்சஞ்சிகை தோன்றி 1972 வரை வெளிவந்தது. ஊசி பிடித்தவரும் கத்தரிக்கோலைக் கைக்கொள்ளும் வழியொன்று ஏட்டளவிலேனும் திறந்தது.

எனினும், 1846இல் ஹென்றி பூல் குடிபுகுந்த சவில் றோ போன்ற தெருக்களில், கடைக்குள் நிகழும் பயிற்சி அழிந்துவிடவில்லை. ஒருவரது ஒரு தோள் தாழ்ந்திருக்கும்; முதுகு சற்றே கூனியிருக்கும். நாடா காட்டும் எண் இவற்றை முழுமையாக உரைக்காது. பயிலுநர் முதலில் வெட்டுநர் கூறும் அளவுகளை ஏட்டிற் பதிவார். பின்னர் அவர் சோக்கினால் வரைந்த கோட்டின்வழி துணியை வெட்டுவார். பல ஆண்டுகள் கழிந்து உதவி வெட்டுநரான பின்னரே காகித மாதிரியை வரையவும் திருத்தவும் பொறுப்பேற்பார். தற்காலிகத் தையலிட்ட மேற்சட்டையை வாடிக்கையாளர் அணிந்து நிற்கையில், முதுகில் விழும் சுருக்கம் எப்பிழையால் விழுந்தது எனக் கண்டறிதலே பயிற்சியின் உச்சமாகும். ஒருமுறை குறைத்து வெட்டிய துணியை மீட்டல் அரிதாகையால், இப்பொறுப்பு எளிதில் கையளிக்கப்படவில்லை.

பொருளாதாரக் காரணமும் உண்டு. வாடிக்கையாளர் தம் உடலறிந்த வெட்டுநரையே நாடுவர். எனவே, இன்றைய மாணவர் நாளைய போட்டியாளராகலாம். பின்னாளில் எட்டாம் எட்வேட் மன்னரான இளவரசருக்கு ஆடை வெட்டிய ஷோல்ட்டேயிடம் பயின்ற அன்டர்சன், 1906இல் தனி நிறுவனமொன்றைத் தொடக்கினார். ஆசானின் வெட்டுமுறை மாணவரோடு சென்றது.

பெண்களுக்கோ இவ்வாயில் இன்னும் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. தையலறைகளில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். ஆயினும் சவில் றோவில் தலைமை வெட்டுநர் பதவியை ஒரு பெண் முதன்முதலாகப் பெற்றது 2009இலேயே ஆகும். அவ்வாறு பதவியேற்ற கத்தரின் சார்ஜன்ற் 2016இல் அத்தெருவில் தம் பெயரிலேயே கடை திறந்தார். அளவுநாடா அறிவைப் பொதுமையாக்கி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றபின் இது நிகழ்ந்தது. அறிவு அச்சேறினாலும், அதைப் பயிலும் இடம் திறக்கப்படாதவரை அது அனைவருக்கும் உரியதாவதில்லை என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது எனலாம்.