சூரியன் திரும்புவது தை ஒன்றிலா?

தை முதல் நாளில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது, அதுதான் உத்தராயணம், அதற்காகத்தான் பொங்கல். பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் வருடா வருடம் எழுதப்படும் வரிகள் இவை. ஆனால் வானத்துச் சூரியன் சுமார் 24 நாட்களுக்கு முன்பே, டிசம்பர் 21 அல்லது 22-ல் திரும்பிவிடுகிறது. தமிழ்க் கணக்கில் மார்கழி 6 அல்லது 7!

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் டிசம்பர் 22 அன்று பகல் 12.10 மணி வாக்கில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டுப் பார்க்கலாம். நிழல் வடக்கே சுமார் 72 செ.மீ. நீளும். வருடத்திலேயே மிக நீளமான உச்சிவேளை நிழல் அதுதான். மறுநாள் முதல் மெல்ல மெல்லக் குறையும். ஜூன் 21-ல் அதே குச்சியின் நிழல் தெற்குப் பக்கம் 20 செ.மீ. மட்டுமே விழும்.

குளிர் நாடுகளில் இந்த நாள் பெரிய விஷயம். லண்டனில் அன்று பகல் 8 மணி நேரம்கூட இல்லை. அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற 5000 ஆண்டுப் பழைய கல்லறையை, அந்த நாட்களின் காலை வெயில் உள்ளறை வரை போகும்படி கட்டியிருக்கிறார்கள். ஈரானில் யல்டா இரவு, சீனாவில் டோங்சி. எல்லாம் இதே நாளை ஒட்டித்தான். செஞ்சியிலோ அன்றும் சுமார் பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கும். சூரியன் போய்விடுமோ என்ற பயம் இங்கே இல்லை. இங்கே உத்தராயணம் நம்பிக்கையிலும் பஞ்சாங்கத்திலும் இடம் பிடித்தது. பாரதத்தில் பீஷ்மர் உயிர்விடக் காத்திருந்தது அதற்காகத்தான். மார்கழி தேவர்களின் விடியற்காலை என்பதும் அதை வைத்துத்தான்.

அப்படியானால் 24 நாள் எங்கே போனது? தமிழ் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. சூரியன் மகர ராசியில் நுழைந்தால் தை. பூமியின் அச்சோ பம்பரம் போல மெதுவாகத் தலையாட்டுகிறது. அதனால் நட்சத்திர ஆண்டு, பருவ ஆண்டைவிட சுமார் 20 நிமிடம் அதிகம். 20 நிமிடம் ஒரு தொகையா என்று தோன்றும். 72 ஆண்டில் அது 1440 நிமிடம், அதாவது முழுதாக ஒரு நாள்! சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபோது இடைவெளி சுமார் 19 நாளாகிவிட்டது.

1952-ல் மத்திய அரசு விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22-ல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில் பௌஷ மாதம் டிசம்பர் 22-ல் பிறக்கிறது. ஆனால் வீட்டுச் சுவரில் தொங்குவது தினசரி காலண்டர்தானே!

அதற்காகப் பொங்கல் தவறான நாளில் வருகிறது என்று வாதாடுவதும் சரியில்லை. அது அறுவடைத் திருநாள். கோட்டைக்குள் இன்றும் நிற்கும் நெற்களஞ்சியத்தைப் பார்த்தாலே இந்த மண்ணுக்கு நெல் எவ்வளவு முக்கியம் என்பது புரியும். சம்பா அறுவடை தையில் என்றால் பொங்கலும் தையில்தான். ஆனால் இதே கணக்கில் இன்னும் 1700 ஆண்டுகள் போனால் தை முதல் நாள் பிப்ரவரி 7 வாக்கில் வரும். அதுவரை பயிர் காத்திருக்காது. அந்தக் காலத்தவர் அதைத் தீர்மானித்துக்கொள்ளட்டும். இப்போதைக்குப் பொங்கலை மாற்ற வேண்டாம், கட்டுரைப் போட்டியின் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும்.